அம்மனைப் பார்த்து நின்ற பலகை

என் டைரியின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களில் நான் நாள் குறிப்பு எழுதுவதில்லை. அவை சாலைப் பலகைகளுக்கு. செஞ்சியில் என் வீட்டிலிருந்து, நான் பணி பார்க்கும் நான்கு ஊர்கள் வரை, வழியில் முப்பத்தொரு பலகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு வரி. நன்றாக இருந்தால் ஒன்றும் எழுதமாட்டேன். வெயிலில் வெளுத்திருந்தால், சாய்ந்திருந்தால், கிளை மறைத்திருந்தால், யாராவது மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தால் எழுதுவேன். யாரிடம் சொன்னேன் என்பதையும் எழுதுவேன். சரியானதும் பச்சை மையில் ஒரு டிக்.

இதை யாரும் எனக்கு வேலையாகத் தரவில்லை. நான் கிராம சுகாதார செவிலியர், ஊர்களில் நர்சம்மா. பல வருடங்களுக்கு முன் ஒரு காலை, தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனபோது, முந்தின நாள் வரை இல்லாத ஒரு வேகத்தடை புதிதாக முளைத்திருந்தது. பலகையும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. விழுந்தேன். முழங்கை தேய்ந்தது பெரிதல்ல. பெட்டி திறந்து ஐஸ் பேக்குகள் தார்ச்சாலையில் சிதறிவிட்டன. அங்கன்வாடியில் குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மாலை சாலைத் துறை அலுவலகத்துக்கு என் முதல் மனுவை எழுதினேன். பதினோராம் நாள் பலகை வந்தது. நல்லபடியாக முடிந்த பிரசவத்துக்குப் பிறகு கையைக் கழுவும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நிம்மதி. அதன்பின் பழக்கம் விடவில்லை.

புகார் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊரில் கேட்டால் புளியமரத்துக்கு அந்தாண்டை என்பார்கள். ஊருக்கு அது போதும், அலுவலகத்துக்குப் போதாது. எந்தக் கிலோமீட்டர் கல், கல்லிலிருந்து எத்தனை அடி, பலகையில் என்ன எழுதியிருக்கிறது, இப்போது என்ன கோளாறு, ஒரு புகைப்படம். இவ்வளவும் கொடுத்தால் மறுபடி கேள்வி வராது. கோட்டைக்கு வழி காட்டும் பலகைகளை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. தவிர, கோட்டை எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. என் பலகைகள் கண்ணுக்குத் தெரியாத ஊர்களுக்கு வழி சொல்பவை.

இருபத்தேழாம் எண் அப்படி ஒன்று. நான் பார்க்கும் ஊர்களில் கடைசி ஊருக்குத் திரும்பும் முனையில் அது நிற்கிறது. செஞ்சியிலிருந்து வரும்போது அங்கே வலப்பக்கம் ஒரு தார்ப்பாதை ஏரிக்கரையோடு ஊருக்குப் போகும். இடப்பக்கம் இன்னொன்று கல் குவாரிக்குப் போகும். இரண்டும் ஒரே அகலம். இரண்டும் கொஞ்ச தூரத்தில் கருவேல மரங்களுக்குள் மறைந்துவிடும். முனைக்குச் சற்று முன்னால், செஞ்சிப் பக்கமாக, பச்சையம்மன் கோயில். வாளோடு உட்கார்ந்திருக்கும் பெரிய முனீஸ்வரன் சிலைகள். கோயிலை ஒட்டி ஒரு டீக்கடை. இவற்றைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஊரின் பெயரும் ஓர் அம்புக்குறியும் எழுதிய பச்சைப் பலகை விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர்களைப் பார்த்து நின்றது. செஞ்சியிலிருந்து போகிற எனக்கு எப்போதும் அதன் சாம்பல் நிற முதுகுதான் தெரியும்.

சென்ற அறுவடையின்போது, நெல் அறுக்கும் மெஷின் ஒன்று அந்த முனையில் திரும்பும்போது பலகையின் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றே அலுவலகத்துக்குப் போனில் சொன்னேன், அடுத்த நாள் மனுவும் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, கோயிலைத் தாண்டியதுமே ஊரின் பெயர் பளிச்சென்று என் கண்ணில் பட்டது. கம்பம் நேராக இருந்தது. அடியில் புது சிமெண்ட். பலகையின் மூலையில் குங்குமப் பொட்டு, கம்பத்தில் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும். யார் நட்டார்களோ, மரியாதையாக நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மதியம் டைரியில் பச்சை டிக் போட்டேன். அலுவலகத்துக்கும் போன் செய்து, வேலை முடிந்துவிட்டது, நன்றி என்றேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறிய ஒருவர் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். செஞ்சியிலிருந்து வந்த ஆம்புலன்ஸின் ஓட்டுநர் அந்த வாரம்தான் வேறு வட்டத்திலிருந்து மாறி வந்தவர். பலகையைப் பார்த்தார், அம்பு காட்டிய பக்கம் திரும்பினார், குவாரிக்குப் போய்விட்டார். எதிரே வரிசையாக டிப்பர் லாரிகள். வண்டியைத் திருப்ப இடமில்லை. ஊருக்கு வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் கூடுதலாயிற்று. ஒடிந்த கால் காத்திருந்தது. அது காத்திருக்கக்கூடிய காயம்.

அடுத்த நாள் காலை பலகைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி முதல் முறையாக அதை முழுவதும் படித்தேன். ஊரின் பெயர் செஞ்சியைப் பார்த்து நின்றது. அதாவது, பலகையை முன்பின்னாகத் திருப்பி நட்டிருந்தார்கள். பலகை திரும்பினால் அம்பும் கூடவே திரும்பும். இடப்பக்கம் குவாரியைக் காட்டிக்கொண்டிருந்த அம்பின் கீழே ஒன்பது நாளாக நான் வலப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் தெரிகிறதா என்று பார்த்தேனே தவிர அம்பைப் பார்க்கவில்லை. வழி தெரிந்தவளுக்கு அம்பு எதற்கு? என் பச்சை டிக் தப்பு. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கங்களில் நான் செய்த முதல் தப்பு அது என்று எழுத ஆசைதான். அப்படியும் சொல்ல முடியாது. மற்ற டிக்குகளையும் நான் எந்தப் பக்கமிருந்து பார்த்துப் போட்டேன் என்று இப்போது எப்படித் தெரியும்?

ஆனால் என் அவசரத்துக்குக் காரணம் அதுவல்ல. அந்த ஊரின் கடைசித் தெருவில், இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் என் பொறுப்பில் இருந்தாள். முதல் குழந்தை ஆபரேஷன். அப்படிப்பட்டவர்களுக்கு வலி எடுத்துவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. பழைய தையல் பிரிந்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. வருகிற திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்பே வலி எடுத்து, வழி தெரியாத வண்டி ஒன்று வந்தால், முப்பத்தைந்து நிமிடம் அவளிடம் கிடையாது.

அன்றே, புதன்கிழமை, அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் என் பழைய மனுவை எடுத்துப் பார்த்தார். அதில் குறுக்கே கோடு போட்டு முடிந்தது என்று எழுதியிருந்தது.

"நீங்கதான மேடம் முடிஞ்சிடுச்சின்னு சொன்னது? நன்றி சொன்னாங்கன்னுகூட ஓரத்துல எழுதி வெச்சிருக்கேன் பாருங்க. இத்தினி வருசத்துல நன்றி சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. புது மனு எழுதினேன். புகைப்படம், கல் எண், அம்பு காட்டும் திசை, கர்ப்பிணியின் பெயர் இல்லாமல் அவசரத்தின் காரணம். சாலை ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். துறையின் ஆட்கள் அந்தப் பலகையைத் தொடவே இல்லை, ஊர்க்காரர்களே நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நாளைக்கே ஆளை அனுப்பிப் பழையபடி திருப்பி வைக்கச் சொல்வதாகவும் சொன்னார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் போனபோது சாலைப் பணியாளர் முனையில்தான் இருந்தார். ஆனால் வேலை செய்யவில்லை. கடப்பாரையைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். டீக்கடைக்காரர் பலகைக்கு முன்னால் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். விழுந்து கிடந்த பலகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி நட்டவர்கள் அவர்கள்தான். பழைய குழி உடைந்துவிட்டதால் முனையிலேயே கோயிலைப் பார்த்தபடி புதுக்குழி தோண்டி, சிமெண்ட் போட்டு, தேங்காய் உடைத்து நட்டிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் நியாயம் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க நர்சம்மா. ஊரு பேரு ஆத்தாளுக்கு முதுகு காட்டினு நிக்கலாமா?"

இத்தனை வருடமும் அப்படித்தானே நின்றது என்றேன்.

"அது கவர்மெண்ட் நட்டது. இது நாங்க நட்டது."

சாலைப் பணியாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு திருப்பி வைய்யின்னு ஆர்டரு. ஆத்தா கோச்சிக்கினா இன்னா பண்றதுன்னு ஆர்டர்ல போடல. நானும் இதே பக்கம்தான் சைக்கிள்ல வூட்டுக்குப் போவணும்."

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. தாசில்தாரிடம் போவோம் என்று ஒருவர் சொன்னார். கோயிலைத் திருப்பிக் கட்டிவிடலாமே என்று ஒருவர் கேலி செய்தார், அவரை மற்றவர்கள் முறைத்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவருடைய உடம்பைப் பற்றி டீக்கடையில் பேசக் கூடாது என்பது என் வேலையின் முதல் பாடம். ஆனால் ஆம்புலன்ஸ் குவாரிக்குப் போனதைச் சொன்னேன். அந்த ஓட்டுநருக்குக் கண் தெரியவில்லை என்றார் டீக்கடைக்காரர். போர்டில் என்ன தப்பு, பேர் சரியாகத்தானே இருக்கிறது?

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது, பார்த்துச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் நாற்பது அடி தூரத்தில் நின்று டீ ஆற்றுகிறவர். இடது கையை மெதுவாகத் தூக்கி, அம்பு காட்டிய பக்கம் நீட்டினார். கை குவாரி லாரி ஒன்றின் தூசியைக் காட்டியது.

"ஐய," என்றார் தாழ்ந்த குரலில். பிறகு, "அம்ப யாரு நர்சம்மா பாக்கறாங்க?"

நானும் பார்க்கவில்லை என்றேன். ஒன்பது நாள் என்றும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

அவருடைய கை அப்படி நீட்டி நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கும் ஒன்று புரிந்தது. நாங்கள் எல்லோரும் பலகையைத் திருப்புவதா வேண்டாமா என்றே பேசிக்கொண்டிருந்தோம். பலகை திரும்ப வேண்டியதே இல்லை. பெயர் அம்மனைப் பார்த்தே இருக்கட்டும். அம்பு மட்டும் மாறினால் போதும். பின்பக்கம் வெறும் தகரம். அங்கேயும் பெயரையும் அம்பையும் எழுதிவிட்டால் விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் ஆயிற்று.

அதைச் சொன்னேன். சாலைப் பணியாளர் யோசித்தார். பலகையில் இருப்பது பெயிண்ட் அல்ல, ஒட்டிய ஸ்டிக்கர்; புதுப் பலகை கேட்டு எழுதினால் வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் பெயிண்டில் எழுதலாம். ஆனால் பின்பக்கம் எழுத விதி இருக்கிறதா என்று தெரியாது. "பின்னாடி இன்னா இருக்குதுன்னு எங்க ஆபீஸ்ல யாரு வந்து பாக்கப் போறாங்க" என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார். ஆய்வாளருக்கு நான் போன் செய்து கேட்டேன். புதுப் பலகைக்கு எழுதுகிறேன், அதுவரை தற்காலிகமாகச் செய்துகொள்ளுங்கள் என்றார். அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

பெயிண்டுக்கு எங்கும் போகவில்லை. கும்பாபிஷேகத்தில் மிச்சமான டப்பாக்கள் டீக்கடையின் பின்னால் சாக்கில் கட்டிக் கிடந்தன. கோயில் மதிலுக்கு அடித்த பச்சை இருந்தது. முனீஸ்வரன்களின் கண்ணுக்கு வாங்கிய வெள்ளை கால் டப்பா இருந்தது. கிலோமீட்டர் கற்களுக்கு எண் எழுதிப் பழகியவர் சாலைப் பணியாளர். பழைய அம்பின்மேல் பச்சையை இழுத்து, பின்பக்கத் தகரம் முழுவதும் பச்சை அடித்தார். இரண்டு பச்சையும் ஒன்றல்ல. கோயில் பச்சை கொஞ்சம் கூடுதலாகக் கிளி நிறம். காய்ந்த பிறகு வெள்ளிக்கிழமை காலை வந்து எழுதினார். முன்பக்கம் வலப்பக்க அம்பு, பின்பக்கம் ஊர் பெயரும் இடப்பக்க அம்பும். பின்பக்க அம்பில் வெள்ளை வழிந்துவிட்டது. வழிந்ததை மறைக்க அவர் அம்பைத் தடிப்பாக்கினார், அது மறுபடி வழிந்தது, மறுபடி தடிப்பாக்கினார். கடைசியில் அம்பு ஒரு கொழுத்த மீன் மாதிரி ஆயிற்று. ஆனால் வாய் ஊர்ப்பக்கம் இருந்தது.

டைரியில் நான் டிக் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மாவிடமிருந்து போன். விடியற்காலையிலிருந்து வலியாம். சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திட்டாமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். செஞ்சி வண்டி வேறொரு கேஸோடு போயிருந்தது. விழுப்புரம் பக்கமிருந்து ஒரு வண்டி வரும் என்றார்கள். ஸ்கூட்டரை எடுத்தேன்.

முனைக்கு வந்தபோது டீக்கடை மூடியிருந்தது. அன்று பெரிய முகூர்த்தம்; ஊரில் பாதிப்பேர் இரண்டு வேன் பிடித்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முனையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். வழக்கமாக இப்படி நேரங்களில் யாராவது ஒருவரை முனையில் நிற்கவைத்துக் கை காட்டச் சொல்வோம். இன்று நிற்கவைக்க யாரும் இல்லை. நானே நின்றால் வண்டி நிச்சயமாக வழி தவறாது. ஆனால் அங்கே அந்தப் பெண் அம்மாவோடு தனியாக இருப்பாள், வலி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லாமல்.

பலகையைச் சுற்றி நடந்தேன். முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் போய், விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர் மாதிரி சாலையில் நின்று பார்த்தேன். பெயர். அம்பு. வாய் ஊர்ப்பக்கம். மேலே குவாரித் தூசி கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஊருக்குப் போய்விட்டேன்.

வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக இருந்தது. தையல் இருந்த இடத்தில் தனியாக வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருந்தது. அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அம்மா துணி மூட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஓட்டுநரிடமிருந்து ஒரு போன் வந்தது. பச்சையம்மன் கோயில் என்று நான் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

"வந்துடுமா நர்சம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வந்துவிடும் என்றேன். அதைச் சொல்லும்போது என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. ஏழு ஐம்பத்திரண்டு. வண்டி இந்நேரம் முனையில் இருக்க வேண்டும். ஏழு ஐம்பத்தைந்து. குவாரிப் பாதையில் போயிருந்தால் சைரன் கேட்குமா, கேட்காதா? ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது, திரும்பி வர இடம் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஏரிக்கரைப் பக்கமிருந்து சைரன் கேட்டது.

அவளைத் தூக்கி ஏற்றி, நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கதவைச் சாத்தும்போதுதான் ஓட்டுநரிடம் கேட்டேன், வழி யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று. இளைஞர், இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றார்.

"எதுக்கு கேக்கணும் சிஸ்டர்? அதான் போர்டு இருக்குதே. அம்புதான் இன்னாமோ ஊதிப்போயி இருக்குது."

பத்து நாற்பதுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. இரண்டு பேரும் நலம். தையல் மெலிந்திருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் சிரமம்தான் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு தாமதம் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே நான்கு இட்லி சாப்பிட்டேன். அவ்வளவு பசி எனக்கு இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஸ்கூட்டர் ஊரில் இருந்ததால் மாலை பஸ்ஸில் வந்தேன். பஸ் ஜன்னல் வழியாகத் தூரத்திலேயே கிளிப்பச்சை தெரிந்தது. முனையில் இறங்கியபோது டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரர் கல்யாணத்திலிருந்து வந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் ஊருக்கு வந்திருந்தது.

"நா இருந்திருந்தா ரோட்டுல நின்னு கை காட்டியிருப்பேன்" என்றார். குற்ற உணர்ச்சியா, வாய்ப்பு போயிற்று என்ற வருத்தமா தெரியவில்லை. கை காட்ட வேண்டியிருக்கவில்லை, ஓட்டுநர் பலகையைப் பார்த்தே வந்துவிட்டார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பலகையையும் அதற்கு எதிரே இருந்த முனீஸ்வரனின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து டைரியின் கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். இருபத்தேழு. பச்சைப் பேனாவை எடுத்துவிட்டு, எழுதாமல் வைத்திருந்தேன்.

"ஒரு தடவ நீங்களும் பாத்துச் சொல்லுங்க" என்றேன் அவரிடம். "முன்பக்கமும் பின்பக்கமும்."

அவர் சிரிக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சாலையின் நடுவுக்குப் போனார். முன்பக்கம் நின்று பார்த்து வலது கையை நீட்டினார். பலகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்று இடது கையை நீட்டினார். இரண்டு தடவையும் கை ஏரிக்கரையைக் காட்டியது.

"ஊருக்குத்தான் நர்சம்மா," என்று அங்கிருந்தே சொன்னார்.

டிக் போட்டேன்.